பதினோராம் எண் ஆம்ப்

அக்டோபர் 6

மழை. ஸ்டோர் ரூம் கூரை ஒழுகி டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்று நனைந்துவிட்டது. உள்ளே ஏழு டிரான்ஸ்ஃபார்மர்கள். யூனுஸ் பாய் மாடியிலிருந்து முதலாளி வீட்டு மேடத்தின் ஹேர் டிரையரை வாங்கி வந்து ஒவ்வொன்றாகக் காயவைத்தார்.

"இன்னாம்மா, அப்படியே தலை வாரி பூ வெச்சு உட்ரலாமா இதுங்களுக்கு?"

முதலாளி விக்ராந்த் சார் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ந்துவிட்டது என்றார். மேலே காய்ந்தால் உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று நினைக்க, ஒழுகாத வீட்டில் பிறந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு சுவர் காய எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 7

இணையதளத்துக்காக இன்று போட்டோ எடுக்க ஒருவன் வந்தான்.

நாங்கள் செய்வது வால்வு ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர். எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் வாங்குவது. எல்லாம் சிப்புக்கு மாறிவிட்ட பிறகும், கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி சிவந்து எரியும் இந்தப் பழைய முறைக்கு உயிரை விடும் ஆட்கள் இருக்கிறார்கள். கொட்டிவாக்கத்தில் விக்ராந்த் சார் வீட்டுக் கீழ்த்தளம்தான் பட்டறை. மாதத்துக்கு இரண்டு மூன்று செய்வோம். மரப்பெட்டி யூனுஸ் பாயுடையது. உள்ளே ஓடும் ஒயர் முழுக்க என்னுடையது. ஆம்ப்புக்கு 'நெய்தல்' என்று பெயர். சார் வைத்தது. கடலும் கடல் சார்ந்த நிலமுமாம். நான் காசிமேட்டில் பிறந்தவள். அவர் கடலை பால்கனியிலிருந்து பார்ப்பவர்.

போட்டோகாரன் இரண்டு கைகளையும் ஆம்ப்புக்குள் வைக்கச் சொன்னான். ஓடுகிற ஆம்ப்புக்குள் ஒரு கைதான் போகும், மற்றது பாக்கெட்டில் இருக்கும் என்றேன். உள்ளே நானூறு வோல்ட். இரண்டு கைகளும் உள்ளே இருந்தால் கரண்ட் ஒன்றில் ஏறி, நெஞ்சைக் கடந்து, இன்னொன்றில் இறங்கும். ஒரு கை என்றால் கை சுடும், ஆள் மிஞ்சலாம். சுடிதாருக்குப் பாக்கெட் வைக்க எந்தத் தையல்காரனுக்கும் தோன்றாது. அதனால் என்னுடையது எல்லாவற்றிலும் இடப்பக்கம் நானே ஒன்று தைத்து வைத்திருக்கிறேன்.

"ஆஃப் பண்ணிட்டு எடுக்கலாமே" என்றார் சார். எடுத்தார்கள்.

"முகம் வேணாமா சார்?"

"ஹேண்ட்ஸ் போதும் ரோஸ்லின். ஹேண்ட்ஸே பேசும்."

வாய் இருக்கிற ஆள் பக்கத்தில் நிற்கும்போது கை பேசுமாம்.

என் பெயர் இருக்கும் இடம் ஒன்றுதான். ஒவ்வொரு ஆம்ப்பின் உள்ளேயும், எல்லாம் பொருத்தியிருக்கும் உலோகத் தகட்டில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, தேதியும் பெயரும் எழுதுவேன். ஒயரிங் போடும் பெண்கள் அப்படி எழுதுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கமாம், சாரே சொன்னார். திறந்தால்தான் தெரியும். யாரும் திறக்கமாட்டார்கள்.

கோபம் தீரவில்லை. போட்டோ முடிந்ததும் பதினோராம் எண்ணை ஒரே மூச்சில் முடித்தேன். பெயரை இரண்டு மடங்கு பெரிதாக எழுதினேன். வேலை முடிந்தபோது தட்டில் ஒரு ஃபைபர் வாஷர் மிச்சம். கூடுதலாகத் தந்திருப்பார்கள்.

அக்டோபர் 9

பதினொன்றுக்கு இன்று முதல் சத்தம். பவர் சுவிட்சைப் போட்டு, வால்வுகள் சூடேற ஒரு நிமிடம் காத்திருந்து, பிறகு ஸ்டாண்ட்பை சுவிட்ச். முன்பக்கம் வால்யூம், பேஸ், டிரெபிள், ரிவெர்ப், சத்தத்தை அலையாக நடுங்க வைக்க இரண்டு குமிழ். பின்னால், முப்பது வாட்டைப் பாதியாகக் குறைக்க ஒரு சுவிட்ச். அவ்வளவுதான். பார்ப்பவர்கள், "இவ்ளோதானா?" என்பார்கள். கேட்பவர்கள் சொல்லமாட்டார்கள்.

வால்யூம் மூன்றில் ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். ஒன்றின் மேல் ஒன்று சாயாது. ஐந்தைத் தாண்டினால் ஓரம் கிழியத் தொடங்கும். எங்கள் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவரின் தொண்டை அப்படி: முதல் கூடைக்குத் தெளிவாக இருக்கும், பத்தாவது கூடைக்குக் கரகரக்கும், ஆனால் கரகரத்த பிறகுதான் கூட்டம் திரும்பிப் பார்க்கும். மெல்லத் தொட்டால் மெல்லப் பேசும், அடித்தால் கத்தும். சார் இதை 'டச் ரெஸ்பான்ஸ்' என்பார். அடித்தால் கத்துவதற்கு ஒரு பெயர் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

ரிவெர்ப்பைக் கூட்டினால் காலியான ஐஸ் பேக்டரிக்குள் வாசிப்பது போல இருக்கும்.

என் அண்ணன் டெனிஸ் இதைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

சூடானதும் லேசாக வார்னிஷ் வாசனை வந்தது. புதுசு, அப்படித்தான் இருக்கும்.

அக்டோபர் 10

விளம்பர வீடியோ. ஆம்ப்பை ரெக்கார்டரோடு இணைத்ததும் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம். தனியாக ஓடும்போது இல்லை. ரெக்கார்டருக்கும் எர்த் உண்டு, ஆம்ப்புக்கும் எர்த் உண்டு. கேபிள் வழியாக இரண்டும் சேர்ந்து வளையம் போட்டுக்கொண்டால் இப்படி இரையும். எங்கள் ஆம்ப்பில் அது வரக்கூடாது. முதல் பத்தில் வந்ததில்லை. என் ஒயரிங்கில் ஹம் வராது என்பதுதான் என் மரியாதை.

கிட்டார் வாசிக்க வந்தவர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். எர்த்தை எடுக்கச் சொன்னார்கள். எடுக்கப்பட்டது. தகட்டுத் திருகுக்கு வரும் பச்சை ஒயர் வெட்டப்பட்டு, முனையில் டேப் சுற்றப்பட்டது. ஹம் நின்றது.

ஷூட்டிங்குக்காக மட்டும். முடிந்ததும் மறுபடி போட வேண்டும்.

டெஸ்ட் ஷீட்டில் 'எர்த்: சரி' என்று நேற்றே கையெழுத்துப் போட்டாயிற்று.

அக்டோபர் 13

வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே எழுதுகிறார்களாம். சுரங்களுக்கு நடுவே எவ்வளவு அமைதி! வெல்வெட் மாதிரி! சார் குதிக்கிறார். பின்பலகையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தவர், டேப் சுற்றிய ஒயரைத் தொட்டு, "இது என்ன?" என்றார். ஏதோ விளக்கம் சொன்னேன். அவருக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 14

மறுபடி போட முடியவில்லை. பதினொன்றை சார் மாடிக்கு எடுத்துப் போய்விட்டார்.

அக்டோபர் 22

புதிய விளம்பரத் தாள் வந்திருக்கிறது. பளபளப்பான காகிதம். என் இரண்டு கைகள். கீழே எழுத்து: "மிதக்கும் தரை. எர்த்தின் பிடியிலிருந்து விடுபட்ட ஒலி. நெய்தலின் தனிச்சிறப்பு."

இனி எல்லா ஆம்ப்பிலும் அப்படியே செய்ய வேண்டுமாம்.

எர்த்தின் பிடி! ஆளைக் காப்பாற்ற இருக்கும் ஒயரைச் சிறை மாதிரி எழுதியிருக்கிறார்கள். இவர்கள் வீட்டு கீசருக்கு எர்த் இல்லாமல் ஒரு நாள் குளிப்பார்களா? பேருந்தில் வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 30

பன்னிரண்டை முடித்தேன். எர்த் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கிட்டார் கேபிள் செருகும் ஜாக்குக்கு அடியில் ஃபைபர் வாஷரும் போட்டேன். சட்டைப் பொத்தான் அளவு காகிதவட்டு அது. ஜாக் தகட்டைத் தொடாமல் பிரித்து வைக்கும். அது இருந்தால் வளையம் உண்டாகாது, ஹம் வராது. ரெக்கார்டரில் இணைத்தோம். ஒரு சத்தமும் இல்லை.

சார் கண்ணை மூடிக் கேட்டார். "ஃப்ளோட்டிங்... தெரியுதுல்ல?"

தெரிந்ததாம்.

இனி நான் செய்பவை எல்லாம் இப்படித்தான் போகும். டிரான்ஸ்ஃபார்மர்களையும் நனையாத பெட்டியிலிருந்தே எடுக்கிறேன். பதினொன்றுக்கு எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது. மிச்சமான அந்த ஒரு வாஷரைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

நவம்பர் 11

பதினொன்று இப்போது எல்லாருக்கும் காட்டும் ஆம்ப். ஒரு ஹோட்டல் கச்சேரிக்குப் போய்த் திரும்பியது. யூனுஸ் பாய் வண்டியிலிருந்து இறக்கும்போதே சிரித்தார்.

"கிட்டார்காரத் தம்பி சொல்லுது, மைக்ல வாய வெச்சா முத்தம் குடுக்குதாம் உன் ஆம்ப்பு. யாரும்மா உள்ள குந்திக்கினு கீறது?"

மேடைக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான். 'கடிக்குது' என்பார்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொள், மைக்குக்கு ஸ்பாஞ்ச் மாட்டு என்பார்கள். சிரிப்பார்கள். அதோடு மறந்துவிடுவார்கள்.

வால்வு மாற்ற என் மேஜைக்கு வந்தது. சார் சாப்பிட மாடிக்குப் போனார். அரைமணி நேரம் ஆகும். ஜாக்கைக் கழற்றி வாஷர் போட்டு, எர்த்தைச் சால்டர் வைக்கப் பதினைந்து நிமிடம் போதும். நான் சாப்பிட்டேன். டிபன் பாக்ஸைக் கழுவினேன். நெத்திலி அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுக்க நேரமாயிற்று.

நவம்பர் 15

கரண்ட் பார்க்கும் டெஸ்டரைப் பதினொன்றின் தகட்டில் வைத்துப் பார்த்தேன். எரிகிறது. போன வாரம் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. இன்று வேண்டியிருக்கவில்லை. தகட்டில் கசிவது கேபிள் வழியாகக் கிட்டார் கம்பிக்கு வரும், எர்த் உள்ள மைக்கைத் தொட்டால் ஆள் வழியாக இறங்கும். சூடானால் வார்னிஷ் வாசனை இன்னும் வருகிறது. ஒரு மாதத்தில் போயிருக்க வேண்டும்.

நவம்பர் 22

"நெய்தல் கடலோரத்துல இருக்கணும் ரோஸ்லின்" என்றார் சார். "உங்க ஏரியால சர்ச் ஃபெஸ்டிவல் வருதுல்ல? உங்க அண்ணா வாசிப்பாரே? அங்கயே ஷூட் பண்றோம். ரியல் பீப்பிள். ரியல் ஸேண்ட்."

"எந்த ஆம்ப் சார்?"

"லெவன்தான். வேற எது?"

"பதினாலாம் நம்பர் நாளைக்கு முடிஞ்சிடும் சார். அதே சவுண்டுதான்."

"அதே இல்ல. லெவன்ல ஏதோ ஒண்ணு இருக்கு. எனக்குக் காது இருக்கும்மா."

ஒன்று இருக்கிறது என்றார். ஒன்று இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் ஹம் ஏன் வந்தது என்பது.

நவம்பர் 23

டெனிஸ் அண்ணன் ஐஸ் பேக்டரியில் ஐஸ் பார் உடைக்கிறான். ஞாயிறு கோயிலில் கிட்டார். கல்யாண ரிசெப்ஷன்களிலும் வாசிப்பான். அவனுடைய ஆம்ப் ஒரு பழைய டேப் ரெக்கார்டரை உடைத்து நான் செய்து கொடுத்தது. செய்தியைச் சொன்னதும் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"டீ ரோசு, நெஜமாவா? நீ செஞ்சதுலயா? இன்னா பாட்டு வாசிக்கலாம் சொல்லு. ஊரே பாக்கும். பிலோமினா பாக்கும்."

"பிலோமினாக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு வருசம் ஆச்சு."

"அதான். பாத்து ஃபீல் பண்ணட்டும்."

கம்பி மாற்றிக்கொண்டிருக்கிறான். பத்து நாள் இருக்கிறது, இப்போதே.

நவம்பர் 28

வேலை முடிந்து வரும்போது நானும் அண்ணனும் கடற்கரையில் உட்கார்ந்து கடலை தின்றோம்.

"அண்ணே, அந்த ஆம்ப் கடிக்கும்."

"எதுடீ கடிக்கல? கோயில் மைக்கு கடிச்சுக் கடிச்சுத்தான் நான் பாட்டே கத்துக்கினேன்."

"செருப்பாச்சும் போட்டுக்க."

"கொடிமரத்துக்கு முன்னாடி செருப்பா? பாதர் என்னைத் தூக்கிக் கடல்ல போட்டுருவாரு." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "இன்னா, நான் வாசிக்கிறது உனக்குப் புடிக்கலையா? உங்க ஆபீஸ்காரங்க முன்னாடி அசிங்கமா இருக்குமா?"

இல்லை என்றேன். "பின்ன இன்னாதான்டீ?" என்றான். பொட்டலத்தில் கடலை தீர்ந்திருந்தது. எழுந்துவிட்டோம்.

டிசம்பர் 2

பதினொன்று வீடியோக்காரர்களின் வேனில் இருக்கிறது. நாளை மதியம் இரண்டு மணிக்குக் காசிமேடு வருமாம். ஷூட் நாலு மணிக்கு. இரண்டு மணி நேரம் தாராளம். பையில் சால்டரிங் அயர்ன், பச்சை ஒயர், ஸ்க்ரூ டிரைவர். பர்ஸில் அந்த வாஷர். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.

டிசம்பர் 3

அண்ணனுக்கு உயிர் இருக்கிறது.

டிசம்பர் 5

எழுதிவிட வேண்டும்.

வேன் மூன்றே முக்காலுக்கு வந்தது. மழை, டிராஃபிக். ஈர மணலில் ஒரு பலகையைப் போட்டு ஆம்ப்பை அதன் மேல் வைத்தார்கள். கொடிமரம், படகுகள், கடல் எல்லாம் கேமராவுக்குள் வந்துவிட்டதாம். வெளிச்சம் போய்விடும் என்று அவசரம். நான் சாரிடம் போனேன்.

"சார், ஒரு ஸ்க்ரூ பாக்கணும். இருவது நிமிசம்."

"இப்பவா? சவுண்ட் செட் ஆயிடுச்சு ரோஸ்லின். தொடாத."

ஒரு ஸ்க்ரூ என்றுதான் சொன்னேன். ஆள் சாவான் என்று சொல்லவில்லை.

பிறகு நான் போய் நின்ற இடம் ஜெனரேட்டர் பக்கத்தில், ஆம்ப்பின் பிளக் இருந்த பலகைக்கு முன்னால். அங்கே ஏன் நின்றேன் என்று போலீஸ் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

அண்ணன் வெறுங்காலோடு வந்தான். வெள்ளைச் சட்டை. முதல் கம்பியைத் தொட்டான். நான் நூறு முறை கேட்ட ஆம்ப்தான், ஆனால் அப்படி நான் கேட்டதில்லை. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். வால்யூம் ஐந்தில் இருந்திருக்கும். ஓரம் லேசாகக் கிழிந்தும் கிழியாமலும். கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே வாசித்தான். பாடுவதற்காக மைக்கில் வாயை வைத்தான்.

ஒரு சுரம் அப்படியே நின்றது. நீண்டது. கூட்டம் கைதட்டியது. அவன் அந்தச் சுரத்தை விடாமல் பிடித்து வித்தை காட்டுகிறான் என்று நினைத்தார்கள். சார்கூடக் கைதட்டினார். அவன் கழுத்து நரம்பு புடைத்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். வால்வு ஆம்ப் உடனே நிற்காது. உள்ளே மிச்சம் இருப்பது தீரும்வரை பாடும். அந்தச் சுரம் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கிய பிறகு, அண்ணன் மணலில் கிடந்தான்.

இடது கையில் மூன்று விரல்கள். கம்பி அழுத்தும் இடத்தில் எலும்புவரை கோடு கோடாகச் சுட்டிருக்கிறது. மடங்காது என்கிறார் டாக்டர்.

டிசம்பர் 9

ஜெனரேட்டர்தான் காரணம் என்று முடிவாகிவிட்டது. வோல்டேஜ் ஏறிவிட்டதாம். ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் மாசிலாமணி எங்கள் தெருக் கடைசி வீடு. அன்று மாலையே பையன்கள் அவர் ஜெனரேட்டரை உடைத்தார்கள். போலீஸ் அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறது. "அன்ட்ரெயின்ட் ஆளுங்க, என்ன பண்றது?" என்றார் விக்ராந்த் சார். ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோடு வந்திருந்தார். உண்மையாகவே கண் கலங்கினார்.

இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார். "மிஷின் சரியா இருந்துச்சாம்மா?"

டெஸ்ட் ஷீட்டைக் காட்டினேன். எர்த்: சரி. கையெழுத்து: ரோஸ்லின்.

பாலிடெக்னிக்கில் படிக்கும்போது மேடை ஏறிப் பேசியிருக்கிறேன். மேலே இருப்பவன் தப்பு செய்தால் கீழே இருப்பவன்தான் உள்ளே போவான் என்று. கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

டிசம்பர் 20

வேலையை விட்டுவிட்டேன். அண்ணனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். சார், "எப்ப வேணா திரும்பி வா" என்றார்.

மாசிலாமணி ஜாமீனில் வந்திருக்கிறார். குழாயடியில் எதிர்ப்பட்டார்.

"டெனிசு எப்படிம்மா கீறான்? நான் வோல்ட்டுலாம் மீட்டர்ல பாத்துத்தாம்மா குடுத்தேன். ஆத்தா சத்தியமா பாத்தேன்."

"தெரியும்ணே" என்றேன்.

அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் வந்துவிட்டேன். என் குடத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஜனவரி 17

அண்ணனுக்குக் கைக்கட்டைப் பிரித்தார்கள். கிட்டாரைக் கேட்டான். கட்டிலில் வைத்தேன். வலது கையால் தட்டிக்கொண்டிருந்தான். கம்பியை இல்லை, மரத்தை.

பிப்ரவரி 11

இணையதளத்தில் கை மாறியிருக்கிறது.

கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள், திறந்த ஆம்ப்புக்குள். பெரிதாக்கிப் பார்த்தேன். தகட்டில் எர்த்துக்கான திருகு பளபளவென்று இருக்கிறது. அதில் ஒயர் இல்லை.

பிப்ரவரி 12

ஐந்து மணிக்குக் கொட்டிவாக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். வளையலை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். இருபது வயது இருக்கும். பெயர் தமயந்தி, கண்ணகி நகர்.

"நான் ரோஸ்லின்" என்றேன்.

"அய்யோ, நீங்களாக்கா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பேர தெனம் பாக்கறேன். பதினொண்ணத் தொறந்து வெச்சு, அதப் பாத்துத்தான் ஒவ்வொரு ஒயரா போடறேன். டேப்புல எவ்ளோ பெருசா எழுதியிருக்கீங்க!"

"எர்த் போடறியா?"

"அது இல்லாததுதானேக்கா ஸ்பெஷல்? நீங்க கண்டுபுடிச்சது. சார் எல்லார்கிட்டயும் சொல்வாரு, தாள்லகூட இப்ப உங்க பேருதான். ரோஸ்லின் ஒயரிங்."

உண்மைதான். அக்டோபர் 13 அன்று நான் சொன்ன விளக்கத்தை இங்கே எழுதவில்லை. சார் ஒயரைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டபோது, "இது ஒரு முறை சார், தரையை மிதக்க விட்டா சவுண்ட் சுத்தமா வரும்" என்றேன். அக்டோபர் 10 அன்று எர்த்தை எடுக்கச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை. சார், "எப்படியாவது ஹம்மை நிறுத்து" என்றார். வாஷரை மறந்தது நான். அதைக் கண்டுபிடித்தால் என் பெயர் கெடும் என்று ஒயரை வெட்டியதும் நான். இந்தக் கை.

பஸ் ஸ்டாப்பில் வைத்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் என் கையை விட்டுவிட்டாள்.

"எத்தனை போயிருக்கு?"

"ஆறு."

"டிரான்ஸ்ஃபார்மர் எந்தப் பெட்டி?"

"ஸ்டோர்ல ஒண்ணுதான்க்கா இருந்துச்சு. ஓரமா... அட்டை கொஞ்சம் ஊறிப் போயிருந்துச்சு."

வாரண்டி கார்டுகளைத் தன் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். ஆறு பெயர், ஆறு எண். எனக்கு அனுப்பினாள். நாளை முதல் எர்த் போடுவதாகச் சொன்னாள். பஸ் ஏறும்போதுதான் கவனித்தேன். அவள் சுடிதாரில் பாக்கெட் இல்லை.

பிப்ரவரி 13

காலையில் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, "உன்னை யாராவது மிரட்டுனாங்களா?" என்றார். இல்லை என்றேன். மாசிலாமணி வீட்டுக்குப் போனேன். அவரிடமும் சொன்னேன். அவர் மனைவி என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். சரிதான்.

வீட்டுக்கு வந்து, அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து முதல் எண்ணை அழைத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். அவனும் கேட்கட்டும்.

கோயம்புத்தூர். எடுத்தவர் உற்சாகமாக இருந்தார். பின்னால் யாரோ கிட்டார் வாசிக்கிறார்கள். அந்த ஆம்ப்தான், எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். வால்யூம் மூன்று. நடுவே ஒரு சத்தமும் இல்லை.

"சூப்பரா இருக்குதுங்க மேடம். துளி ஹம் இல்லீங்க. லேசாக் கடிக்குது, அவ்ளோதான். பழகிடுச்சுங்க."

"அதை ஒயரிங் பண்ற முறை என்னுது. தப்பு முறை. எர்த்தை வெட்டினது நான். அதே மாதிரி ஒரு ஆம்ப்பாலதான் எங்க அண்ணன் கை போச்சு. வாசிக்கிறவரை நிறுத்தச் சொல்லுங்க. ஆம்ப்பைத் தொடாதீங்க. சுவத்துல சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு பிளக்கைப் பிடுங்குங்க. ஒரு கையால மட்டும்."

கிட்டார் நின்றது. நான் அண்ணனைப் பார்க்கவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டது. அவன் எழுந்து போகவில்லை. வலது கையை நீட்டி என் போனை வாங்கி, அடுத்த எண்ணை அவனே அழுத்தினான்.

மணி அடித்தது. முழுதாக அடித்து நின்றது. மறுபடி அழுத்தினான்.

யாரும் எடுக்கவில்லை.